வேலைக்கு ஆள் நிற்கும் இடத்தில் என் அப்பா

வாசகர் கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 36 வயது. திண்டிவனத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் அப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவருக்கு 63 வயது. கொத்தனார். இரண்டு வருடமாக வேலைக்குப் போகவில்லை. ஆனாலும் ‘கொத்தனாராக இருந்தார்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சொந்த ஊர் செஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவுக்கு இருந்தது முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் மல்லாட்டை (நிலக்கடலை), இல்லையென்றால் அதுவும் இல்லை. 1979-ல், 17 வயதில், ஊர்க்காரர் ஒருவரோடு அப்பா சென்னைக்குப் பஸ் ஏறினார். முதலில் பெரியாள் வேலை. கல் தூக்குவது, கலவை போடுவது, சாரம் கட்டக் கம்பு பிடிப்பது. மூன்று வருடம் மேஸ்திரி கரண்டியைத் தொடவே விடவில்லையாம். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும்போது சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் ஊற்றி இடித்ததை இன்றைக்கும் சொல்வார். கோயம்பேடு மார்க்கெட் கட்டியபோது அங்கே வேலை செய்திருக்கிறார். 1999-ல் தரமணியில் டைடல் பார்க் எழும்பியபோது அங்கே பல மாதம் உள்பூச்சு வேலை. இந்தக் கதைகளை அவர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். என் பிள்ளைகள் இப்போது, “தாத்தா, இத அன்னிக்கே சொல்லிட்டீங்க” என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

சின்ன வயதில் அப்பா எங்களோடு இருந்தது மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், வீடு வந்து சேர நடுராத்திரி ஆகிவிடும். நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். காலையில் தலைமாட்டில் பை இருக்கும். காராபூந்தி, சாத்துக்குடி, எனக்கு ஜாமெண்ட்ரி பாக்ஸ், தங்கைக்கு ரிப்பன். முதலில் பையைப் பார்ப்போம், அப்புறம்தான் அப்பாவை. திங்கட்கிழமை விடியும் முன்பே அவர் கிளம்பியிருப்பார். பீடியைத் தவிர வேறு பழக்கம் கிடையாது. தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் அதையும் விட்டுவிட்டார். வேலை நடக்கும் இடத்திலேயே கொட்டகையில் தங்கி, நாலு பேரோடு சேர்ந்து பொங்கிச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்த காசில் என்னை பி.காம். படிக்கவைத்தார். தங்கையைக் கட்டிக்கொடுத்தார்.

2008-ல் திண்டிவனத்தில் இரண்டே முக்கால் சென்ட் வாங்கி இந்த வீட்டைக் கட்டினார். கடகால் தோண்டியதிலிருந்து தளம் போட்டது வரை அவர் கை படாத இடமே இல்லை. அம்மாதான் சித்தாள். நான் கல்லூரி லீவில் சுவருக்குத் தண்ணீர் விட்டேன். “தம்பிக்குக் கல்யாணம் ஆனா மேல எடுக்கலாம்” என்று ஒன்பது தூணுக்கும் மேலே கம்பி விட்டுவைத்தார். துருப்பிடிக்கக் கூடாது என்று வருடம் தவறாமல் ஆடி மாதம் மாடியேறி அந்தக் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசுவார். 2020 ஊரடங்கில்தான் முதல்முறையாக இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தார். அப்போதும் சும்மா இருக்க முடியாமல் பின்பக்கச் சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்.

2023 ஆவணியில் சாரத்தின் பலகை நழுவி, எட்டடி உயரத்திலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தார்கள். “போதும்பா. இனிமே வேலைக்குப் போவாத. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்” என்றேன். மனதாரச் சொன்னேன். அவருக்கென்று அறையில் கட்டில், டி.வி. வைத்தேன். பிரஷர் மாத்திரை தீரும் முன்பே வாங்கிவந்துவிடுவேன். தினமும் காலையில் அவர் சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பென்ஷனுக்காக அவரை ஏன் அலையவிட வேண்டும் என்று அதைக்கூட எழுதிப்போடவில்லை. தை மாதம் மேல்மாடி எடுக்கக் கடன் கிடைத்ததும், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரு இன்ஜினீயரிடம் மொத்தமாக ஒப்பந்தம் பேசி முடித்தேன். இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, அப்பா முன்னாலேயே, “இந்தக் கம்பியெல்லாம் வேலைக்கு ஆவாது, அறுத்துட்டுப் புதுசா வச்சுக்கலாம்” என்றார். சரி என்றேன். ஆவணியில் வேலை ஆரம்பம். ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், “உங்க அப்பாவைக் காலையில ஆள் நிக்கற எடத்துல பாத்தனே” என்றார். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை முன்னால் கொத்தனார், பெரியாள், சித்தாள், பெயிண்டர் எல்லாம் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். வேலைக்கு ஆள் தேவைப்படுகிறவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். நான் நம்பவில்லை. அடுத்த நாள் ஆறரை மணிக்கு வண்டியில் போனேன். அப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் கரண்டிப் பை. ஒரு ஆள் வண்டியில் வந்து இளவயதுப் பையன்களாகப் பார்த்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா பக்கம் திரும்பவில்லை. நானும் நிற்காமல் அந்த வழியாகவே போய்விட்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று இன்றைக்கு வரை தெரியாது.

தினமும் காலையில் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கேட்டேன். மாசி மாதத்திலிருந்தே இப்படிப் போய்வருவதாகச் சொன்னார்.

அன்று ராத்திரி கத்திவிட்டேன். “ஏம்பா, உனக்கு இங்க என்ன கொற வச்சோம்? நாலு பேர் பாக்கற மாதிரி அங்க போய் நிக்கணுமா? என் மானத்த வாங்கணும்னே போறியா?” என்று என் மனைவி, பிள்ளைகள் முன்னாலேயே கேட்டேன். அவர், “கொற ஒண்ணும் இல்லடா” என்று மட்டும் சொன்னார். அப்புறம் பின்பக்கம் போய்க் கரண்டி, மணியாஸ் கட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தார். பையில் போட்டு, சாக்கால் சுற்றிப் பரணில் தூக்கிப் போட்டார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. வெளியே போவதில்லை. கட்டிலிலேயே படுத்திருக்கிறார். பாதிச் சோற்றோடு எழுந்துவிடுகிறார். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது அவர் வழக்கம், அதையும் நிறுத்திவிட்டார். போன வாரம் அம்மாவிடம், “நான் இருந்து என்னா ஆவப்போவுது” என்றாராம். அம்மா அழுதுகொண்டே என்னிடம் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்தப் பையை இறக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தால் ஐம்பது ரூபாய் நோட்டாகவே அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், 4,350 ரூபாய். கணக்குப் பார்த்தால், மாசியிலிருந்து நான் கொடுத்த காசு. டீக்குக்கூட அதில் கை வைக்காமல் இருந்திருக்கிறார்.

பள்ளியில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் கட்டட கான்ட்ராக்டர் என்று எழுதியவன் நான். அது இப்போது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அப்பாவை எப்படிப் பழைய மாதிரி ஆக்குவது? ஏதாவது பொழுதுபோக்கு பழக்கிவிடலாமா? நான் பேசியதை அவர் மறப்பாரா?

பெயர் வேண்டாம், திண்டிவனம்


ஆலோசகரின் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நிறையப் பேச வேண்டும். ஆனால் முதலில் ஒரு காரியம் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

“நான் இருந்து என்னா ஆவப்போவுது” என்று அவர் சொன்னதை வயதானவர்களின் அலுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வாரமாகச் சாப்பாடு பாதி, தூக்கம் பாதி, பேத்தியை அழைக்கப் போவதும் நின்றுவிட்டது. இதோடு சேர்த்து அந்த வார்த்தையைக் கேட்டால், இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில், அதுவும் உழைத்துப் பழகிய ஆண்களுக்கு, ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்லத் தெரியாது. பசியில்லை, தூக்கமில்லை, உடம்பு வலிக்கிறது என்றுதான் வெளியே வரும். பல நேரம் அதுவும் வராது, கட்டிலில் படுத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். “அப்பா, உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு நெனைக்கறியா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. உள்ளே வைத்துப் புழுங்குகிறவருக்குக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே மூச்சுவிட இடம் கொடுக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகள் அம்மாவிடம் இருக்கட்டும். நடுராத்திரியில் பயமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். 104-ம் இருக்கிறது.

இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். ‘மனநல டாக்டர்’ என்றதும் அவர் வரமாட்டேன் என்றால், தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, அதற்காகப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. தைராய்டு, சர்க்கரை, இரத்தசோகை, பி12 குறைபாடு இவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். இவையும் ஆளைச் சோர்ந்து போகவைக்கும். நாற்பது வருடத்துக்கு மேல் சிமெண்ட் தூசியில் நின்றவர், நெஞ்சையும் ஒருமுறை பார்த்துவிடட்டும். மருந்து எழுதிக்கொடுத்தால், நாலு நாளில் வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அவர் ஏன் அங்கே போய் நின்றார்? காசு தேவைப்பட்டதால் இல்லை, அது அந்த பிஸ்கட் டப்பாவில் தெரிகிறது. உங்களை அவமானப்படுத்தவும் இல்லை. கோயிலுக்குப் போவதாகப் பொய் சொல்லி மறைத்தவர், ஊர் பார்க்க வேண்டும் என்று போயிருப்பாரா? கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தை மாதம் மேல்மாடிக்கு ஒப்பந்தம் பேசினீர்கள். மாசி மாதத்திலிருந்து அவர் போய் நிற்கிறார். 2023-ல் விழுந்து கையில் பிளேட் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில்தானே இருந்தார், அப்போதெல்லாம் போகவில்லையே.

ஒன்பது தூண்களில் அவர் கம்பி விட்டுவைத்தது உங்களுக்காக. கல்யாணம்கூட ஆகாத பையனுக்கு, ‘உன் வீட்டை நான் மேலே எடுத்துத் தருவேன்’ என்று 2008-லேயே கொடுத்த வாக்கு. வருடாவருடம் ஆடியில் சிமெண்ட் பால் பூசிப் பூசி அந்த வாக்கைக் காப்பாற்றிவந்தார். அதை இன்னொருவர் வந்து, வேலைக்கு ஆகாது, அறுத்துவிடலாம் என்று அவர் முன்னாலேயே சொன்னார். நீங்கள் சரி என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கு அவர் காதில் விழுந்தது கம்பியைப் பற்றி மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? தன் வீட்டிலேயே தன்னை யாரும் கொத்தனாராகப் பார்க்கவில்லை என்றதும், கொத்தனார் என்று பார்க்கப்படும் ஒரே இடத்துக்கு அவர் போயிருக்கிறார். அங்கேயும் நாள்தோறும் பையன்களைக் கூட்டிப்போகிறவர்கள் அவரைத் தாண்டிப்போனார்கள். அப்படியும் நான்கு மாதம் விடாமல் போனார் என்றால், அந்த டீக்கடை முன்னால் அவருக்கு வேறு ஏதோ கிடைத்திருக்கிறது. கலவையைப் பற்றி, கூலியைப் பற்றி, எம்-சாண்ட் விலையைப் பற்றி அவருக்குப் புரியும் பேச்சு. யாராவது ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டும் இருக்கலாம்.

அரசு வேலையில் இருப்பவருக்குப் பணி நிறைவு என்று ஒரு நாள் இருக்கிறது. மாலை போடுகிறார்கள், நாலு பேர் பேசுகிறார்கள், வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார்கள். அடுத்த நாள் காலையில் தான் ஓய்வுபெற்றவன் என்று அவருக்கே தெரியும். உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு அப்படி ஒரு நாளே வருவதில்லை. ஒரு பலகை நழுவியது, மகன் போதும் என்றான், அத்தோடு 44 வருடம் முடிந்தது. முடிந்துவிட்டதா, மணிக்கட்டு தேறியதும் தொடருமா என்றுகூட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. இவ்வளவு பெரிய தொழில் நம் ஊரில் இப்படித்தான் முடிகிறது என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

இன்னொன்று. நீங்கள் அவரைக் குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வீட்டில் இருந்த மனிதர். மீதி நாட்களில் அம்மாதான் இந்த வீட்டை நடத்தினார், அரிசி எங்கே, ரேஷன் என்றைக்கு, பள்ளிக் கட்டணம் எப்போது என்பதெல்லாம் அம்மாவின் கையில். அப்பா கொண்டுவந்தது பை. அவர் உங்கள் மேல் வைத்த பாசம் முழுவதும் அந்தப் பையில்தான் வந்திருக்கிறது, வேறு வழியில் காட்ட அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வீட்டில் இருப்பது எப்படி என்று அவர் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாக அதைத்தான் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டிருந்தார். பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்தது அதில் ஒரு நல்ல தொடக்கம். இந்த வேலையை வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். தற்காலிகமாக உங்கள் மனைவி போகலாம், ஆனால் “தாத்தா எப்ப வருவார்” என்று குழந்தை கேட்டால் அதைத் தடுக்க வேண்டாம்.

இப்போது அந்த ஐம்பது ரூபாய். நீங்கள் அன்போடு வைத்தீர்கள். ஆனால் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் கண் விழித்தால் சட்டைப் பையில் காசு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வைப்பது போல. கொடுத்தே பழகியவர் அதை எப்படிச் செலவழிப்பார்? தொடாமல் அடுக்கி வைத்திருக்கிறார். என்ன நினைத்து வைத்தார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மேல்மாடிச் செலவுக்கு என்றுகூட இருக்கலாம். அந்த டப்பாவை நீங்கள் பார்த்ததாகச் சொல்லவே வேண்டாம். இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். அவராக எடுப்பார்.

அதற்குப் பதில் நல வாரிய பென்ஷனுக்கு எழுதிப்போடுங்கள். ஆயிரத்துச் சொச்சம் உங்களுக்குச் சின்னத் தொகை. தமிழ்நாட்டில் 1994-லிருந்து கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று அந்த வாரியம் இருக்கிறது. பெரிய கட்டடங்களின் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்கப்படுகிறது. அதாவது அவரும் அவரைப் போன்றவர்களும் எழுப்பிய கட்டடங்களிலிருந்து வரும் பணம். யாரிடமும் கைநீட்டி வாங்குவது இல்லை. அட்டை கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். விழுப்புரத்தில் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம், என்ற அலுவலகத்தில் விசாரித்தால் என்னென்ன சான்று வேண்டும் என்று சொல்வார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் அவர் பெயரில் இருக்கும் கணக்கில் வரட்டும். ஏ.டி.எம். அட்டை அவரிடமே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் சான்று கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அவரே போய்வரட்டும். வங்கியில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் வங்கிக்காரர்கள்தான் வீட்டுப் பெரியவர்களின் பாஸ்புக்கைத் தங்கள் மேஜையில் வைத்துக்கொள்கிறார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொழுதுபோக்கு பழக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். போக்குவதற்குப் பொழுது நிறைய இருக்கிறதே என்பது அவர் பிரச்சினை இல்லை. அவருக்காக ஒரு வேலையை உண்டாக்கி, ‘அப்பா இதைப் பாத்துக்கோ’ என்று நடிக்கவும் வேண்டாம். கலவையில் சிமெண்ட் குறைந்திருந்தால் தொட்டுப் பார்த்தே சொல்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். உண்மையாகவே அவர் தேவைப்படும் வேலை ஒன்று ஆவணியில் உங்கள் தலைக்கு மேலே நடக்கப்போகிறது. கரண்டி பிடிக்க மணிக்கட்டு விடாது, சாரத்தில் ஏறவே கூடாது, இதில் நீங்கள் உறுதியாக இருக்கலாம். ஆனால் தரையில் நின்று நூல் சரியாகப் பிடித்திருக்கிறார்களா, சுவர் தூக்கு நிற்கிறதா, செங்கல் நனைத்துத்தான் வைக்கிறார்களா, தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டினார்கள் என்று பார்க்க அவரைவிட நல்ல கண் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? மொத்த ஒப்பந்தத்துக்கு விட்ட வீட்டுக்காரர்கள் இதற்காகத்தான் தனியாக ஆள் தேடுகிறார்கள்.

இன்ஜினீயரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ‘வேலையை எங்கள் வீட்டுச் சார்பில் அப்பா பார்ப்பார், எது மாற்றினாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்’ என்று. ஒப்பந்தக்காரருக்கும் அது நல்லது, யார் சொல்வதைக் கேட்பது என்ற குழப்பம் வராது. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் போகலாம், அப்பா பழைய முறையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அதுவும் நடக்கும். அப்போது வேகமாக யார் பக்கமாவது பேசிவிடாமல் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துக் கேளுங்கள்.

கம்பி விஷயத்தில் நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான், நான் இன்ஜினீயர் இல்லை. பதினேழு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பி தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதுதான் சரியாக இருக்கும். அந்த வீட்டில் உங்கள் பிள்ளைகள் தூங்கப்போகிறார்கள். அப்பாவின் மனசுக்காகத் துருப்பிடித்த கம்பியில் தூண் எழுப்ப அவரே சம்மதிக்கமாட்டார். ஆனால் அறுக்க வேண்டும் என்ற முடிவை அவர் இல்லாமல் எடுக்கக் கூடாது. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, கம்பி எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று அவர் முன்னால் அளந்து பார்க்கட்டும். அவர் அளவு பார்க்கத் தெரிந்தவர், ‘ஆமா, இது ஆவாது’ என்று அவர் வாயாலேயே சொல்லக்கூடும். ஒன்பதில் நாலு தூணின் கம்பி நன்றாகவே இருப்பதாகத் தெரியவரவும் கூடும்.

பிள்ளைகள் எழுந்து போய்விடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதியவர்கள் பழையதையே பேசுவது மூளை தளர்ந்ததால் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் அது அப்படியில்லை என்று எழுதினார். வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, சரியாகத்தான் வாழ்ந்தோமா என்று கணக்குப் பார்ப்பது அந்த வயதுக்கே உரிய இயல்பான வேலை என்றார். கணக்குச் சரியாக வந்தால் மனசு அடங்கும், வராவிட்டால் கசப்பில் உட்கார்ந்துவிடும். உங்கள் அப்பா டைடல் பார்க்கை ஐம்பதாவது முறை சொல்வது அந்தக் கணக்குதான். பேரப்பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் கேட்கலாம். கேட்காத கேள்வியாகக் கேளுங்கள். கொட்டகையில் யார் யார் கூட இருந்தார்கள், யாருக்கு நன்றாகச் சமைக்க வரும், திங்கட்கிழமை காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எப்படி இருக்கும். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல நாளாகலாம்.

பள்ளியில் கான்ட்ராக்டர் என்று எழுதியதை இப்போது அவரிடம் சொல்லி அழ வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது உங்கள் மனப்பாரத்தை இறக்குவதற்கு. அவர் இப்போது இருக்கும் நிலையில் அதையும் அவர்மேல் ஏற்ற வேண்டாம். அன்றைக்குப் பையனாக இருந்தீர்கள், கொத்தனார் மகன் என்றால் வகுப்பில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பார்வையை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் வண்டியில் நிற்காமல் போனதும், பிள்ளைகள் முன்னால் கத்தியதும் போன மாதம்தான் நடந்தது. அதற்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் முன்னால் பேசியதைப் பிள்ளைகள் முன்னாலேயே சரிசெய்யுங்கள். “அன்னிக்கு தாத்தாவ நான் அப்படிப் பேசினது தப்பு” என்று சாப்பிடும்போது ஒரு வரி போதும். அவர் தலையைக்கூட நிமிர்த்தமாட்டார், பரவாயில்லை.

அம்மாவையும் கொஞ்சம் கவனியுங்கள். நாற்பது வருடம் தனியாக வீட்டை நடத்தியவர், சித்தாளாக நின்று இந்த வீட்டைக் கட்டியவர், இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் கணவருக்குத் துணையாக அவரும் தூங்காமல் இருப்பார். வாரத்தில் சில இரவுகள் அப்பாவின் அறையில் நீங்கள் படுங்கள்.

அவர் மறப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசிப் பழகியவர்கள் இல்லை. பக்கத்தில் நின்று ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். டாக்டரைப் பார்த்து, தூக்கம் கொஞ்சம் திரும்பியதும், ஒரு சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு அவரை மாடிக்குக் கூப்பிடுங்கள். ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. “இந்த வருஷம் பால் பூசணுமா, இல்ல ஆவணியில வேலை ஆரம்பிக்கறதால விட்டுடலாமா?” என்று கேளுங்கள். அவர் ஏதாவது ஒரு கம்பியைத் தொட்டுப் பார்ப்பார். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், நடுவில் சரி செய்யாதீர்கள்.

பரணில் இருக்கும் பையை நீங்களாக இறக்கிக் கொடுக்க வேண்டாம். ரசமட்டம் வேண்டும் என்று அவர் கேட்கும்போது ஏணியில் மட்டும் நீங்கள் ஏறுங்கள்.

முண்டியம்பாக்கம் போய்வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.